தாபாவில் முடிந்தது, ஓஸ்லோவில் ஏன் முடியவில்லை?

அகபா வளைகுடாவின் கரையில், எகிப்தும் இஸ்ரேலும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், தாபா என்றொரு சின்னக் கடற்கரை இருக்கிறது. மொத்தமே ஒரு சதுர கிலோமீட்டர் அளவுதான். 1982 ஏப்ரலில் சினாய் தீபகற்பம் முழுவதையும் எகிப்திடம் திருப்பிக் கொடுத்த இஸ்ரேல், இந்தத் துண்டை மட்டும் கொடுக்க மறுத்தது. 1906-இல் ஒட்டோமான் பேரரசும் அன்று பிரிட்டன் பிடியிலிருந்த எகிப்தும் அளந்து நட்ட எல்லைக்கல் எந்த இடத்தில் இருந்தது என்பதில்தான் தகராறு. இதற்கிடையே இஸ்ரேல் தரப்பு அங்கே ஒரு பெரிய ஹோட்டலையும் கட்டித் திறந்துவிட்டது.

முப்பது ஆண்டுகளுக்குள் திரும்பத் திரும்பப் போர் புரிந்த இரண்டு நாடுகள் இதற்காக இன்னொரு போருக்குப் போகவில்லை. வழக்கை ஐந்து நடுவர்களிடம் ஒப்படைத்தன. பழைய வரைபடங்கள், நிழற்படங்கள், நில அளவையாளர்களின் குறிப்புகள் எல்லாம் சாட்சிக்கு வந்தன. 1988 செப்டம்பர் 29 அன்று ஜெனீவாவில் வந்த தீர்ப்பு எகிப்துக்குச் சாதகமாக அமைந்தது. 1989 மார்ச்சில் இஸ்ரேல் கொடியை இறக்கிவிட்டுப் போனது. ஹோட்டலுக்கு எகிப்து இழப்பீடு கொடுத்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. "அது ஆயிரமாயிரம் ஆண்டுப் பகை, தீரவே தீராது" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. யூதர்களுக்கும் அரபு மக்களுக்கும் இடையே நடப்பது ஏறக்குறைய நூறாண்டுத் தகராறு. நிலம் யாருடையது, அதில் யார் வாழலாம், யார் ஆள்வது என்பதுதான் வழக்கு. அதில் சில பகுதிகள் தீர்ந்தன. தீர்ந்தபடியே இன்றும் இருக்கின்றன. எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: சில ஒப்பந்தங்கள் நிலைத்தன, சில சிதறின, இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம்? என் கணிப்பில், கடைசியில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டவை நின்றன. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவை அந்த இடைவெளியிலேயே செத்தன.

கொஞ்சம் பின்னணி

1947 நவம்பர் 29 அன்று, பிரிட்டன் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கும்படி ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. யூதத் தலைமை அதை ஏற்றது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்காக இருந்த அரபு மக்களின் தலைமை, நிலத்தில் பாதிக்கும் குறைவாகக் கொடுக்கும் அந்தத் திட்டத்தை மறுத்தது. 1948 மே மாதம் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. அண்டை அரபு நாடுகளின் படைகள் உள்ளே நுழைந்தன. அந்தப் போர்க்காலத்தில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடும் ஊரும் இழந்தார்கள். அதை அவர்கள் 'நக்பா', பேரழிவு என்கிறார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் பாக்தாத், கெய்ரோ, யெமன் போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்கள் 8 லட்சம் பேர் அளவில் துரத்தப்பட்டோ அஞ்சியோ வெளியேறினார்கள். பெரும்பாலோர் இஸ்ரேலுக்கு வந்தார்கள். ஊரைவிட்டு விரட்டப்பட்ட நினைவு இரு பக்கமும் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களை நம்ப வேண்டாம்.

1949-இல் போர் நின்ற இடத்தில் ஒரு கோடு போடப்பட்டது. 1967 ஜூன் மாதத்தில் ஆறே நாள் நடந்த போரில் இஸ்ரேல் அந்தக் கோட்டைத் தாண்டி மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா, சினாய், சிரியாவின் கோலான் குன்றுகள் ஆகியவற்றைப் பிடித்தது. செய்திகளில் '1967 எல்லை' என்று வருவது இந்தப் போருக்கு முந்தைய கோடுதான். அந்த ஆண்டு நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானம், பிடித்த நிலத்திலிருந்து விலகுவதையும் எல்லா நாடுகளும் பாதுகாப்பாக வாழும் உரிமையையும் ஒன்றோடொன்று கட்டியது. நிலத்தைக் கொடுத்து அமைதியை வாங்குவது என்ற வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சினாய் நிலைத்தது எப்படி?

1977 நவம்பரில் எகிப்து அதிபர் அன்வர் சதாத் ஜெருசலேமுக்கே பறந்து போய் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் பேசினார். நான்கு ஆண்டுக்கு முன்புதான் 1973 போரில் இரு நாடுகளும் ஆயிரக்கணக்கான உயிர்களை இழந்திருந்தன. 1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் மெனாஹெம் பெகினையும் கேம்ப் டேவிட் மலை மாளிகையில் 13 நாள் வைத்துப் பேச வைத்தார். அங்கிருந்து இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. இந்த விவரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு மொத்த வரலாற்றிலும் முக்கியமான இடம் இதுதான்.

ஓர் ஆவணம் சினாய் பற்றியது. பன்னாட்டு எல்லைவரை முழு நிலமும் எகிப்துக்குத் திரும்பும், விமானத் தளங்கள் போகும், படைகள் எங்கே எத்தனை நிற்கலாம் என்பது வரையறுக்கப்படும் என்று முடிவு முதலிலேயே எழுதப்பட்டது. ஆறு மாதத்தில், 1979 மார்ச் 26 அன்று, அது முழு அமைதி உடன்படிக்கை ஆனது. மூன்றாண்டுக் கால அட்டவணை போட்டு, 1982 ஏப்ரல் 25 அன்று வெளியேற்றம் முடிந்தது.

மற்றோர் ஆவணம் மேற்குக் கரையும் காசாவும் பற்றியது. அங்குள்ள மக்களுக்கு ஐந்தாண்டு தன்னாட்சி, இறுதி நிலையைப் பிறகு பேசலாம் என்றது. பாலஸ்தீனர்கள் அந்த மேசையில் இல்லவே இல்லை. அந்தத் தன்னாட்சிப் பேச்சு சில ஆண்டு இழுத்து, சத்தமில்லாமல் நின்றுபோனது. ஒரே மாளிகை, ஒரே பேச்சு, அதே தலைவர்கள். ஒன்று நிலைத்தது, மற்றது கரைந்தது.

சினாயிலும் யூதக் குடியேற்றங்கள் இருந்தன. யாமித் என்ற ஊர் கடற்கரையில் நகரமாகவே வளர்ந்துவந்தது. வெளியேற மறுத்துக் கூரைகளில் ஏறி நின்றவர்களை இஸ்ரேல் ராணுவமே இறக்கிக் கொண்டுபோனது. வீடுகள் புல்டோசரால் இடிக்கப்பட்டன. அந்த வேலையை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோன், குடியேற்றங்களைப் பரப்பியதில் முதல் வரிசையில் நின்றவர். முடிவு எழுதப்பட்டிருந்தால் குடியேற்றத்தைப் பரப்பியவரும் அதை நிறைவேற்றும் நிலை வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்னொரு பாடமும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. 1956 சூயஸ் போருக்குப் பின் சினாயிலும் காசாவிலும் ஐ.நா. அமைதிப்படை நின்றது. இந்திய வீரர்கள் அதில் பெரும் பங்கு வகித்தார்கள். 1967-இல் அதன் தளபதியே இந்தியரான இந்தர் ஜித் ரிக்யேதான். அந்த ஆண்டு மே மாதம் எகிப்து அதிபர் நாசரின் அரசு விலகிக்கொள்ளச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. படை விலகத் தொடங்கியது. மூன்று வாரத்துக்குள் போர் வெடித்தது. காசாவிலிருந்து இன்னும் கிளம்பாத இந்திய வீரர்கள் அதில் உயிரிழந்தார்கள். ஒரு தரப்பு போ என்றால் போய்விடும் காவலுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது புரிந்தது. அதனால் 1979 உடன்படிக்கையில், ஒரு நாடு தன்னிச்சையாக வெளியேற்றிவிட முடியாத பன்னாட்டுக் கண்காணிப்பு எழுதப்பட்டது. 1982 முதல் பன்னாட்டுப் படையும் பார்வையாளர்களும் சினாயில் இருக்கிறார்கள். தீபகற்பம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, எல்லையை நெருங்க நெருங்கப் படைபலம் குறைகிறது.

உடன்படிக்கைக்காகச் சதாத் உயிரையே கொடுத்தார். 1981 அக்டோபர் 6 அன்று ராணுவ அணிவகுப்பின்போது சொந்த நாட்டுத் தீவிரவாதிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அரபு லீக் எகிப்தைப் பத்து ஆண்டு விலக்கி வைத்தது. லெபனான் போர், இரண்டு பாலஸ்தீன எழுச்சிகள், அதிபர் முபாரக்கின் வீழ்ச்சி, முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைச் சேர்ந்த முகமது மோர்சியின் ஓராண்டு ஆட்சி, காசாவில் அடுத்தடுத்த போர்கள் என எல்லாவற்றையும் அந்தத் தாள் தாங்கியது. 1973-க்குப் பிறகு எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே போர் இல்லை.

ஆனால் அங்கே மக்கள் நட்பு முளைக்கவில்லை. எகிப்தின் எழுத்தாளர், பத்திரிகையாளர், வழக்கறிஞர் சங்கங்கள் இஸ்ரேலோடு உறவாடுவதை இன்றும் ஏற்பதில்லை. இதைக் 'குளிர்ந்த அமைதி' என்பார்கள். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கேம்ப் டேவிட்டின் மேற்குக் கரை ஆவணம் நிறைவேறவில்லை என்பதை கெய்ரோவில் யாரும் மறக்கவில்லை.

ஜோர்தானின் 1997

1994 அக்டோபர் 26 அன்று ஜோர்தானும் இஸ்ரேலும் கையெழுத்திட்டன. எல்லைக்கோடு வரையப்பட்டது. தண்ணீர்கூட அளவோடு எழுதப்பட்டது: யார்முக், ஜோர்தான் ஆற்று நீரில் யாருக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு, இஸ்ரேல் ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் அனுப்ப வேண்டும் என்பதுவரை. உலகிலேயே தண்ணீர்ப் பஞ்சம் மிகுந்த நாடுகளில் ஒன்று ஜோர்தான். 2021-இல் இன்னும் 5 கோடி கன மீட்டரை இஸ்ரேல் விற்க உடன்பாடு ஆனது. ஜெருசலேமில் உள்ள முஸ்லிம் புனிதத் தலங்களில் ஜோர்தானின் சிறப்புப் பொறுப்பையும் அந்த உடன்படிக்கை ஏற்றது.

அது சோதிக்கப்பட்ட ஆண்டு 1997. மார்ச் 13 அன்று எல்லையோர நஹராயிமுக்குச் சுற்றுலா வந்த இஸ்ரேலியப் பள்ளி மாணவிகளை ஒரு ஜோர்தானிய வீரன் சுட்டான். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து ஜோர்தான் மன்னர் ஹுசைன் பெய்ட் ஷெமெஷ் ஊருக்கு வந்து, துக்க வீடுகளுக்குள் நுழைந்து, தரையில் அமர்ந்திருந்த பெற்றோர் முன் தானும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். தன் நாட்டில் இதற்குக் கடும் எதிர்ப்பு வரும் என்று தெரிந்தேதான் போனார். அதே ஆண்டு செப்டம்பரில் இஸ்ரேலின் உளவாளிகள் அம்மான் நகரத் தெருவில் பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸின் தலைவர் காலித் மஷாலின் காதில் நஞ்சைத் தெளித்தார்கள். மாற்று மருந்து வராவிட்டால் உடன்படிக்கையே போகும் என்று ஹுசைன் நின்றார். இஸ்ரேல் மருந்தை அனுப்பியது, மஷால் பிழைத்தார். ஆறு மாத இடைவெளியில் இரண்டு பேரிடி விழுந்தும் உடன்படிக்கை உடையவில்லை. நல்ல மனிதர்கள் இருந்ததால் மட்டும் அல்ல. இருவருக்கும் இழக்க என்ன இருக்கிறது என்பது தாளில் தெளிவாக இருந்தது.

ஓஸ்லோ ஏன் நிற்கவில்லை?

1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபினும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அராபத்தும் கைகுலுக்கினார்கள். நார்வேயின் ஓஸ்லோவில் ரகசியமாக நடந்த பேச்சின் பலன் அது. அராபத்தின் இயக்கம் இஸ்ரேல் அமைதியாக வாழும் உரிமையை ஏற்றது. இஸ்ரேல் பதிலுக்கு அந்த இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதி என்று ஏற்றது. பாலஸ்தீன நாடு என்ற சொல் எங்கும் இல்லை. ஐந்தாண்டு இடைக்காலம், அதற்குள் எல்லை, ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், பாதுகாப்பு ஆகியவை பற்றிப் பேசி முடிப்பது. அதாவது தகராறின் மொத்தச் சாரமும் கடைசிக்குத் தள்ளப்பட்டது. முன்பணம் கைமாறிய பிறகும் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லையும் விலையும் எழுதாமல் விட்ட வீட்டு மனை போல ஆனது அது.

எழுதியவர்களின் எண்ணம் கெட்டதல்ல. முதலில் பழகினால் நம்பிக்கை வளரும், நம்பிக்கை வளர்ந்தால் கடினமானவற்றைப் பேசலாம் என்று நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். முடிவு தெரியாதபோது ஒவ்வொரு தரப்பும் முடிவைத் தன் பக்கம் இழுக்க இடைக்காலத்தைப் பயன்படுத்தியது. 1993-இல் மேற்குக் கரையில் ஒரு லட்சத்துச் சொச்சம் இருந்த இஸ்ரேலியக் குடியேறிகள் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல். கிழக்கு ஜெருசலேமில் இன்னும் இரண்டு லட்சத்துக்கும் மேல். கேட்டு வாங்க வேண்டிய நிலம் கண்ணெதிரே சுருங்குவதைப் பார்த்த பாலஸ்தீனர் எவருக்கும் நம்பிக்கை வளரவில்லை. பேருந்துகளிலும் கடைத்தெருக்களிலும் ஹமாஸ் அனுப்பிய தற்கொலைக் குண்டுதாரிகள் வெடிப்பதைப் பார்த்த இஸ்ரேலியர் எவருக்கும் வளரவில்லை.

இடைக்காலம் என்பது கெடுப்பவர்களுக்குத் திறந்துவிட்ட கதவு. 1994 பிப்ரவரியில் ஹெப்ரோன் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேறி சுட்டுக் கொன்றான். 1995 நவம்பர் 4 அன்று ராபினை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான். 1996 தொடக்கத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. அந்த மே மாதத் தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில், ஓஸ்லோவை எதிர்த்த பெஞ்சமின் நெதன்யாகு வென்றார். ஒப்பந்தத்தை வெறுத்த இரு பக்கத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் சந்திக்காமலே ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டார்கள்.

ஐந்தாண்டுக்கென்று போட்ட ஏற்பாடு முப்பது ஆண்டு தாண்டியும் நடக்கிறது. மேற்குக் கரை அ, ஆ, இ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நகரங்கள் உள்ள முதல் பகுதியில் பாலஸ்தீனர்களின் தன்னாட்சி அரசான பாலஸ்தீன ஆணையம் ஆள்கிறது. இரண்டாவதில் நிர்வாகம் அவர்களுடையது, பாதுகாப்பில் இறுதி அதிகாரம் இஸ்ரேலுடையது. நிலத்தில் சுமார் 60 சதவீதமான மூன்றாவது பகுதி முழுக்க இஸ்ரேலின் கையில். ஒரு விவசாயிக்கு இதன் பொருள் என்ன? வீடு இரண்டாவது பகுதியில் இருக்கும், ஒலிவ மரத் தோப்பு மூன்றாவதில் இருக்கும். அறுவடைக்குப் போகப் பல இடங்களில் ராணுவ அனுமதி வேண்டும். கிணறு தோண்டவோ கொட்டகை போடவோ விண்ணப்பித்தால் பெரும்பாலும் கிடைக்காது. அனுமதியின்றிக் கட்டினால் இடிக்க ஆணை வரும். பக்கத்துக் குன்றில் குடியேற்றம் புதிய தெருவிளக்கோடு விரிந்துகொண்டிருக்கும். சுங்க வரியைக்கூட இஸ்ரேல்தான் வசூலித்துப் பாலஸ்தீன ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். கோபம் வந்தால் நிறுத்திவைக்கிறது. சம்பளம் வராத ஆசிரியர் சொந்த ஆணையத்தை எப்படி மதிப்பார்?

தீர்வு தெரியாமல் இல்லை

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இறுதித் தீர்வின் உருவம் யாருக்கும் தெரியாத மர்மம் அல்ல. 2000 டிசம்பரில் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் முன்வைத்த வரையறைகள், 2003-இல் இரு பக்கத்து முன்னாள் அமைச்சர்கள் அதிகாரமின்றியே எழுதிக் காட்டிய ஜெனீவா உடன்பாடு, 2008-இல் இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மர்ட் பாலஸ்தீன ஆணையத் தலைவர் மஹ்மூத் அப்பாஸிடம் காட்டிய வரைபடம் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: 1967 கோட்டை அடிப்படையாகக் கொண்ட இரு நாடுகள், எல்லையோரப் பெரிய குடியேற்றங்களுக்கு ஈடாக நிலமாற்று, இருவருக்கும் தலைநகராகும் ஜெருசலேம்.

2008 பேச்சில் ஓல்மர்ட் இணைத்துக்கொள்ளக் கேட்டது மேற்குக் கரையில் ஏறக்குறைய 6 சதவீதம். அப்பாஸ் ஒப்பியது 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இடைவெளி நான்கைந்து சதவீதம். ஓல்மர்ட் வரைபடத்தைக் காட்டினார், கையோடு கொடுக்கவில்லை. அப்பாஸ் நினைவிலிருந்து ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டார். ஊழல் வழக்கில் சிக்கியிருந்த ஓல்மர்ட் பதவி விலகும் நிலையில் இருந்தார். ஆண்டு முடிவதற்குள் காசாவில் போர் மூண்டது. அந்தக் காகிதத்துக்கு மேல் எதுவும் எழுதப்படவில்லை.

அகதிகள் விஷயம் இன்னும் கடினம். ஐ.நா.வின் நிவாரண அமைப்பில் பதிவான பாலஸ்தீன அகதிகளும் அவர்கள் வழித்தோன்றல்களும் இன்று 59 லட்சம் அளவில். தாத்தா வீட்டின் சாவியை இன்னும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. எல்லோரும் திரும்பினால் தங்கள் நாடு யூத நாடாக இருக்காது என்பது இஸ்ரேலியரின் அச்சம். கிளிண்டன் திட்டம் பல வழிகளைத் தந்தது: புதிய பாலஸ்தீன நாட்டில் குடியேறுவது, இருக்கும் நாட்டிலேயே குடியுரிமை, மூன்றாம் நாடு, இஸ்ரேல் ஏற்கும் எண்ணிக்கையில் அங்கே திரும்புவது, எல்லோருக்கும் இழப்பீடு. இது நீதியின் முழு அளவு அல்ல. ஆனால் முகாமில் நான்காவது தலைமுறையும் பிறப்பதைவிட மேலானது. இழைத்த துன்பத்தை வாய்விட்டு ஒப்புக்கொள்வதும் இதில் சேர வேண்டும். அதற்குப் பணமும் செலவில்லை, நிலமும் செலவில்லை, ஆனாலும் அதுதான் இதுவரை கிடைக்காத ஒன்று.

இரு நாடு இனி முடியாது, ஒரே நாடாக இருந்து எல்லோரும் சமமாக வாக்களிக்கட்டும் என்பவர்கள் இரு பக்கமும் கூடிவருகிறார்கள். ஜோர்தான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே இன்று ஏறக்குறைய 70 லட்சம் யூதர்களும் அதே அளவு பாலஸ்தீன அரபு மக்களும் வாழ்கிறார்கள். கொள்கையாக அந்த யோசனையை மறுக்க முடியாது. ஆனால் தனக்கென ஒரு நாடு வேண்டும் என்பது இரு தேசியங்களின் உயிர்நாடி. அதை விட்டுவிட இரண்டில் எதுவும் இன்று தயாராக இல்லை.

காசா தந்த தவறான பாடம்

2005-இல், அப்போது பிரதமராக இருந்த ஷரோன் காசாவிலிருந்த 21 குடியேற்றங்களையும் அகற்றிப் படையையும் வெளியே எடுத்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் ஹமாஸ் வென்றது, 2007-இல் ஆயுதத்தால் காசாவை முழுதாகப் பிடித்தது, ராக்கெட்டுகள் தொடர்ந்தன. 'நிலத்தைக் கொடுத்தோம், ராக்கெட்டை வாங்கினோம்' என்பது இஸ்ரேலியக் குடும்பங்களின் சாப்பாட்டு மேசைப் பேச்சாகிவிட்டது. அவர்கள் அச்சம் உண்மையானது. அதை எவரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பாடத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். சினாயில் ஒப்பந்தம் இருந்தது, கண்காணிப்பு இருந்தது, மறுபக்கம் கையெழுத்திட்ட அரசு இருந்தது. காசாவில் எதுவும் இல்லை. வானமும் கடலும் யார் கையில் என்பது பேசித் தீர்க்கப்படவே இல்லை. அமைதி ஒப்பந்தம் தோற்ற இடம் என்று காசாவைச் சொல்ல முடியாது. அங்கே ஒப்பந்தமே போடப்படவில்லை.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 250 பேர் அளவில் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டாண்டுப் போரில் காசா சுகாதார அமைச்சகக் கணக்கின்படி 67,000-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். பட்டினி ஊருக்குள் வந்தது. பெரும்பாலான வீடுகள் இடிந்தோ சேதமடைந்தோ கிடக்கின்றன.

அந்த அக்டோபர் 4 அன்று, தாக்குதலுக்கு மூன்று நாள் முன்பு, இஸ்ரேலியப் பெண்களின் அமைதி இயக்கமும் பாலஸ்தீனப் பெண்களின் இயக்கமும் ஜெருசலேமிலும் சாக்கடல் கரையிலும் சேர்ந்து பேரணி நடத்தின. எங்கள் பிள்ளைகளைப் புதைக்க வேண்டாம், மேசைக்குத் திரும்புங்கள் என்பதே தாய்மார்களின் கோரிக்கை. இஸ்ரேலிய இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான விவியன் சில்வர், காசா நோயாளிகளை இஸ்ரேல் மருத்துவமனைகளுக்குக் காரில் அழைத்துச் சென்றவர். அக்டோபர் 7 அன்று பேரி கூட்டுப்பண்ணைக் கிராமத்தில் தன் வீட்டில் கொல்லப்பட்டார். அவருடைய இயக்கம் கலையவில்லை. பிள்ளையை இழந்த இரு பக்கத்துக் குடும்பங்களும் சேர்ந்து நடத்தும் பெற்றோர் வட்டமும் கலையவில்லை. அங்கே அமைதி விரும்புவோரே இல்லை என்று யாராவது சொன்னால் இவர்களைச் சொல்லுங்கள்.

அண்டை நாடுகள்

2002 மார்ச்சில் பெய்ரூத் மாநாட்டில் அரபு லீக் ஒரு வாக்குறுதி தந்தது. இஸ்ரேல் 1967-இல் பிடித்த நிலத்திலிருந்து விலகி, பாலஸ்தீன நாட்டை ஏற்று, அகதிகள் பிரச்சினைக்கு இருவரும் ஒப்பும் தீர்வு கண்டால், எல்லா அரபு நாடுகளும் இஸ்ரேலோடு இயல்பான உறவு கொள்ளும். சவூதி இளவரசர் அப்துல்லா முன்வைத்த யோசனை அது. மாநாடு தொடங்கிய மார்ச் 27 அன்று மாலையே, நெதான்யா நகர ஹோட்டலில் பாஸ்கா விருந்தில் இருந்த 30 பேரை ஹமாஸ் குண்டு கொன்றது. வாக்குறுதி அந்தப் புகையில் மறைந்தது. இஸ்ரேல் அரசு எதுவும் அதற்கு முறையான பதில் தந்ததில்லை.

2020-இல் ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும், பிறகு மொராக்கோவும் பாலஸ்தீனத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத் தேர்ந்தன. வணிகமும் விமானப் போக்குவரத்தும் வளர்ந்தன. காசா போருக்குப் பிறகும் அவை உறவை முறிக்கவில்லை. ஆனால் அவை இஸ்ரேலோடு எல்லைத் தகராறு கொண்டவை அல்ல. சவூதி அரேபியா, பாலஸ்தீன நாட்டுக்கு உறுதியான வழி தெரியாமல் உறவு இல்லை என்கிறது. சிரியாவோடு 1974-இல் போட்ட படைவிலக்க ஏற்பாடு ஐம்பது ஆண்டு நின்றது. 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்ததும் இஸ்ரேல் படை இடைப்பகுதிக்குள் போய் அமர்ந்தது. லெபனானோடு 2022-இல் கடல் எல்லை அளந்து முடிக்கப்பட்டது, நில எல்லை முடியவில்லை.

இப்போதுள்ள தாள்

2025 அக்டோபர் 10 அன்று காசாவில் போர்நிறுத்தம் வந்தது. அதன் அடிப்படை அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளியிட்ட 20 அம்சத் திட்டம். நவம்பர் 17 அன்று பாதுகாப்பு மன்றமும் 2803-ஆம் தீர்மானத்தில் அதை ஏற்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்திருந்தன. இந்தியா அதை 1988-லேயே செய்துவிட்டது. மறுபக்கம், இஸ்ரேல் நாடாளுமன்றம் 2024 ஜூலையில் பாலஸ்தீன நாடு அமைவதை எதிர்த்துப் பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டிருக்கிறது. பாலஸ்தீனத் தரப்பில் அப்பாஸ் கடைசியாக மக்களிடம் ஓட்டு வாங்கியது 2005-இல். அன்று ஓட்டுரிமை இல்லாத குழந்தைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவர்கள் பெயரில் கையெழுத்திடும் தகுதி தேர்தல் இல்லாமல் யாருக்கும் வராது.

அந்த 20 அம்சத்தை வாசித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பிணைக்கைதிகளை விடுவிக்க 72 மணி நேரம் என்று எழுதப்பட்டிருந்தது. அக்டோபர் 13 அன்று உயிரோடிருந்த 20 பேரும் வீடு திரும்பினார்கள், இஸ்ரேல் சிறைகளிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் பாலஸ்தீனர்கள் வெளிவந்தார்கள். காலக்கெடு எழுதிய இடத்தில் வேலை பெருமளவு நடந்தது. படை முழுதாக விலகும் நாள் எழுதப்படவில்லை, நிபந்தனைகள் எழுதப்பட்டன. பாலஸ்தீன நாட்டைப் பற்றி, காசா மறுகட்டுமானமும் ஆணையத்தின் சீர்திருத்தமும் நடந்தால் அதற்கான வழி திறக்கக்கூடும் என்ற அளவிலேயே இருக்கிறது. மேற்குக் கரைக் குடியேற்றங்கள் பற்றி ஒரு சொல் இல்லை. இனி வரும் மாநாடுகளில் எந்தத் தலைவர் யாரோடு கைகுலுக்கினார் என்று பார்ப்பதைவிட, எல்லைக்கல் எங்கே, வெளியேறும் தேதி எது, கண்காணிக்கும் படையைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாரிடம் என்ற மூன்று விவரங்களைத் தாளில் தேடிப் பாருங்கள். 1978-இல் இரண்டு ஆவணங்களை ஒரே நாளில் வாசித்தவர்களுக்கு எது நிற்கும் எது நிற்காது என்பதை அன்றே சொல்லும் வாய்ப்பு இருந்தது.